தேத்தண்ணி குடித்த நடுவர்

மஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். வீட்டில் தடித்தடியாகப் புத்தகம் வைத்திருப்பவன் என்று ஊரில் பெயர். எத்தனை படித்தேன் என்று யாரும் கேட்பதில்லை, நல்ல ஜனங்கள். அதனால் தொழிற்சங்கத்துக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பெண் தொழிலாளியின் வழக்கில் ஐகோர்ட் தந்த தீர்ப்பும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் பெண் அவள். வேலை நேரத்தில் மூட்டை மறைவில் படுத்துத் தூங்கினாள் என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்ததாக, ஃபேக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் சாட்சி சொன்னார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சங்கமும் நிர்வாகமும் ஒத்துக்கொண்டு ஒரு நடுவரை வைத்தார்கள். ஓய்வுபெற்றவர், நேர்மையானவர். அந்த நேர்மைதான் வினையாயிற்று.

ஜன்னலை நேரில் பார்க்க அவர் வந்தார். நிர்வாகத்தில் ஆள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் கூடவே வந்தார், சங்கத்துக்காக நான். ஜன்னலில் நின்று பார்த்தால் எதிர்ச்சுவர்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே அவள் வீடு. நனையாமல் உள்ளே வரச் சொன்னாள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். வாசலுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அந்த லயத்தில் கிடையாது. நடுவர் ஒரு டம்ளர் குடித்தார், நான் ஒன்று, ஆபீசர் இரண்டு. இஞ்சி இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம் என்றுகூடச் சொன்னார்.

அவளை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். ஜன்னலைப் பற்றி எழுதிய கையோடு, மழைக்கு அவள் வீட்டில் ஒதுங்கித் தேநீர் அருந்தியதையும் ஒரு வரி எழுதிவைத்தார். கூட யார் குடித்தார்கள் என்பதை எழுதவில்லை.

அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு நிர்வாகம் ஐகோர்ட்டுக்குப் போனது. ஒரு தரப்பின் வீட்டில் உபசாரம் பெற்றவர் எப்படி நடுவராக இருக்க முடியும் என்று கேட்டது. மனுவில் கையெழுத்துப் போட்டவர் அதே ஆபீசர். அவரும் குடித்தார் என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். தான் வெளியே குடை பிடித்து நின்றிருந்ததாக அவர் பதில் கொடுத்தார். எங்கள் இருவரில் யார் சொல்வது உண்மை என்று ஆராய்வது தன் வேலையல்ல, நடுவர் நடந்துகொண்ட முறையை மட்டுமே பார்க்க முடியும் என்றது கோர்ட். நடுவரின் தீர்ப்பு ரத்து. வேறு நடுவர் முதலிலிருந்து விசாரிக்கலாம்.

சங்க ஆபீசில் அவளுக்கு இதைத் தமிழில் சொன்னேன். என் தமிழ் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்ப நான் தூங்குனேன்னு சொல்லிட்டாங்களா சார்?"

"அப்படிச் சொல்லலைங்க."

"தூங்கலைன்னு?"

"அதையும் சொல்லலை."

"பின்ன என்னத்தைத்தான் சார் இத்தனை பக்கம் எழுதியிருக்காங்க?"

அடுத்த வாரம் பஜார் பேக்கரியில் ஆபீசர் என்னைப் பிடித்துக்கொண்டார். தனிப்பட்ட முறையில் அவருக்கு ரொம்ப வருத்தமாம். "நமக்கும் பொழப்புன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்று வர்க்கியைக் கடித்தார். நான் தலையாட்டினேன். அன்று முழுக்க என் கழுத்தின் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பிறகு அவரே லயத்துக்குப் போய் அவளிடம் பேசியிருக்கிறார். தானாக வேலையை விட்டதாக எழுதிக் கொடுத்தால் மகளின் பரீட்சை முடியும்வரை வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் உடனே காலி செய்ய வேண்டும். அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புதிய நடுவர் இரு தரப்பையும் வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். தொழிலாளி தன் கோரிக்கையைக் கைவிடுகிறார் என்று பதில் எழுதும் வேலையும் எனக்கே வந்தது. எழுதினேன். ஓரிடத்தில்கூட அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை.