தோல் பையில் நான்கு மாத்திரை

என் கண்டக்டர் தோல் பையின் உள்ளறையில் இப்போதும் ஒரு மாத்திரை அட்டை கிடக்கிறது. பத்துக் குழி அட்டை. ஆறு குழி பிரிந்து போக, நான்கு மாத்திரை மீதி, பட்டாணியைவிடச் சிறியவை. பின்பக்கத்து எழுத்தெல்லாம் சில்லறையோடு உரசி உரசி அழிந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து பை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தூசி தட்டும்போதெல்லாம் என் மனைவி, இதைக் குப்பையில் போட்டுவிடவா என்று கேட்பாள். கிடக்கட்டும் என்பேன். அது என் மாத்திரை அல்ல. நாகர்கோவில்–அருமனை தடத்தில் ஒன்பது வருடம் என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணாச்சியின் மாத்திரை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மேற்கொண்டு படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களின் வாயிலிருந்துதான். அதில் பாதி அண்ணாச்சி சொன்னது. "வண்டி நிக்க இடமெல்லாம் ஸ்டாப்பு இல்ல மக்கா, இறங்க ஆளு இருந்தாத்தான் ஸ்டாப்பு" என்பார். இரண்டு விசில் கேட்காமல் ஒருநாளும் வண்டியை எடுக்கமாட்டார். படியில் ஆள் இல்லை, ரோடு காலி, எல்லாம் கண்ணாடியில் அவருக்கே தெரியும்; இருந்தாலும் என் இரண்டு விசிலுக்குக் காத்திருப்பார். ஒரு விசில் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், ஏன் என்று கேட்கமாட்டார். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவும் இல்லை.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அவருக்கு வயிறு கெட்டது. முதலில் சீதபேதி என்று நினைத்தோம். பிறகு ரத்தம். பெருங்குடல் முழுக்கப் புண் என்று நாகர்கோவிலில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் தடத்தில் அட்டவணையில் இல்லாத நான்கு ஸ்டாப்புகள் உண்டாயின: ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கோயில் வளாகம், ஒரு ரப்பர் தோட்டம். அண்ணாச்சி இறங்கி ஓடுவார். நான் டிக்கெட் கணக்குத் தாளை விரித்து, ஏதோ சரிபார்ப்பதுபோல நடிப்பேன். யாரும் ஏமாறவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கப் போகும் அக்கா ஒருத்தி, "மெதுவா வரட்டும் கண்டக்டரே, ஷீட்டு காய இன்னும் நேரம் கெடக்கு" என்று எனக்குச் சமாதானம் சொல்வாள். திரும்பி வந்து சீட்டில் ஏறும்போது அண்ணாச்சி, "எனக்க வயிறு மட்டும் டைம் கீப்பருக்குக் கட்டுப்படாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு கியரைப் போடுவார்.

அந்தச் சின்ன மாத்திரைதான் அவரைத் தொடர்ந்து வண்டி ஓட்ட வைத்தது. அது ஸ்டீராய்டு. சாப்பிட்டால் ரத்தம் நிற்கும், குறைத்தால் திரும்ப வரும். முகம் உருண்டு, கன்னம் பளபளத்து, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆளு நல்லாயிட்டீரே" என்றார்கள். இதற்கிடையில் அருமனைப் பக்கத்து வைத்தியர் ஒருவரின் லேகியத்தை மைனி நம்பினாள். அண்ணாச்சியின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் லேகியம் பிடிக்கும் என்று வைத்தியர் சொல்ல, அண்ணாச்சி அவள் கண் முன்னால் மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டினார். மறுநாளே என்னிடம் பழைய மருந்துச் சீட்டைக் கொடுத்தார். கோட்டாறில் ஒரு கடையில் நான் வாங்கி வந்தேன். மைனி அவர் சட்டைப்பையைத் துவைக்கும்போது துழாவுவாள். அதனால் அட்டை என் தோல் பையில் இருந்தது. காலை ட்ரிப் தொடங்கும் முன் நான்கு மாத்திரையை எண்ணி அவர் கையில் வைப்பேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. லேகியம் வேலை செய்கிறது என்று மைனி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் நிற்காத ஒரு மழைக்காலத்தில், மூவரும் திருவனந்தபுரம் போனோம். ஆபரேஷன் டாக்டர் மலையாளி, பொறுமைசாலி. பெருங்குடலை எடுத்தே ஆகவேண்டும் என்றார். ஒரு தாளில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வரைந்து, அதைத் தூண்டில் முள்போல மடக்கிக் காட்டினார். மடக்கியதைத் தைத்து உள்ளே ஒரு பவுச் செய்து, ஆசனவாயோடு இணைத்துவிட்டால் மனிதன் பழையபடி கக்கூஸ் போய் வரலாம். இதற்கு இரண்டு வழி. எல்லாவற்றையும் ஒரே ஆபரேஷனில் முடிப்பது ஒன்று. இல்லையென்றால் இரண்டு மூன்று தடவையாகச் செய்வது. இடையில் சில மாதம் வயிற்றில் ஒரு துளை, அதில் ஒட்டிய பையில் மலம் சேரும், தையலெல்லாம் ஆறிய பிறகு துளையை மூடுவார்கள். ஒரே தடவை என்பது தெம்பாக இருக்கிறவர்களுக்கு மட்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குத் தையல் ஆறாது, பிரிந்தால் உள்ளே சீழ் பிடிக்கும், பவுச்சே போய்விடலாம், உயிருக்கும் ஆபத்து என்றார். பிறகு அண்ணாச்சியின் உருண்டை முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "குளிகை நிறுத்தியாச்சு அல்லே?"

"அது நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். இது எனக்க பெண்டாட்டிக்க சமையலு."

டாக்டர் சிரித்தார். மைனியும் சிரித்தாள். அப்படியானால் ஒரே தடவையில் முயற்சி செய்யலாம் என்றார். நான் மடியில் தோல் பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். லீவில் போயிருந்தும் பழக்கதோஷத்தில் ரிப்போர்ட்டுகளை அதில்தான் வைத்திருந்தேன். ரிப்போர்ட்டுக்குப் பின்னால் உள்ளறை, உள்ளறையில் அட்டை. காலையில்தான் நான்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் ஒரு சிஸ்டர் வந்தார். ஒருவேளை துளை போட வேண்டி வந்தால் எங்கே போடுவது என்று வயிற்றில் அடையாளம் வைக்க வேண்டுமாம். சாரத்தை இடுப்பில் எங்கே கட்டுவீர்கள், காக்கி பேண்ட் பெல்ட் எங்கே வரும் என்று கேட்டார். டிரைவர் என்று தெரிந்ததும், ஓட்டுவதுபோல உட்காரச் சொன்னார். அண்ணாச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒரு வளைவு திரும்பிக் காட்டினார். தொப்புளுக்கு வலது பக்கம், மடிப்பும் பெல்ட்டும் படாத இடத்தில் சிஸ்டர் மையால் ஒரு பொட்டு வைத்தார். போகும்போது, மறைத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் உண்டு, அது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே பிரஷர் விழுந்துவிடும் என்று யாரையோ குறித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவுக்குக் கூட்டிப்போய், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். "ஒத்த தடவையில முடிஞ்சா நாலு மாசத்துல வண்டி எடுப்பேன் மக்கா. பையும் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா கெடந்தா, டிப்போல டயருக்குக் காத்தடிக்க விடுவானுவ. நீ வாயத் தொறக்காண்டாம்" என்றார். அவர் பயந்தது ஆபரேஷனுக்கு அல்ல, அந்த சீட் போய்விடும் என்பதற்கு. அது எனக்கும் புரிந்தது. ஆனால் மேஜையிலேயே பிரஷர் விழும் என்று சிஸ்டர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

மைனியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்தான் மைனி."

என் பையைப் பார்த்தாள். லேகியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்போ, வாங்கினவனே போயிச் சொல்லு" என்றாள்.

டாக்டர் மேஜையில் அட்டையை வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காலியான குழிகளை விரலால் தடவி, தினம் எத்தனை, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, அட்டையை என்னிடமே திருப்பித் தந்தார். வார்டுக்கு வந்து அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "மூணு தடவையாச் செய்யலாம். எனக்கும் அவசரம் இல்ல, உங்க குடலுக்கும் அவசரம் இல்ல" என்றார். அண்ணாச்சி அவருக்குத் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒத்த விசில் அடிச்சிட்டியேடே." அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

முதலில் பெருங்குடலை எடுத்து, பொட்டு வைத்த இடத்தில் துளை போட்டார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, உடம்பு தேறிய பிறகு பவுச் தைத்தார்கள். மூன்றாவதாகத் துளையை மூடினார்கள். எல்லாமாக ஒரு வருடத்துக்கு மேல். வயிற்றில் ஒட்டிய பை கசிந்து மெத்தை நனைந்த நாட்களும், துளையைச் சுற்றித் தோல் வெந்துபோன நாட்களும் உண்டு, மைனிதான் பார்த்தாள். அவர் வீடு எங்கள் தடத்திலேயே ரோட்டோரம். வேறு டிரைவரோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், ஸ்டாப் இல்லாவிட்டாலும் இரண்டு விசில் அடிப்பேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் திரும்பமாட்டார். வார லீவில் போனால் மைனி வழியாகத்தான் பேச்சு: "அவனுக்குச் சாயா குடு." ஒரே தடவையில் செய்திருந்தாலும் அவர் தேறியிருக்கலாம். அதை யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை, நானும் டாக்டரிடம் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும், இரண்டு வருடம் எண்ணிக் கொடுத்த கை என்னுடையதுதானே.

உடல் தகுதிச் சான்று வாங்கி அவர் திரும்ப வந்தார். சில மாதம் டவுன் பஸ், பிறகு எங்கள் தடம். மெலிந்த பழைய முகம் வந்திருந்தது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போகவேண்டும், ஆனால் ஓடவேண்டாம், அடக்க முடிகிறது என்று வேறொரு டிரைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. முதல் ட்ரிப்பில் ஆட்கள் ஏறி முடித்ததும் இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மக்கா, அந்த அட்ட உங்கிட்டயா இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி."

"வச்சிக்கோ. இனி உங்கிட்ட ஒண்ணையும் ஒளிச்சு வைக்கத் தரமாட்டேன்." முன்பக்கம் திரும்பிக்கொண்டார். "விசிலு சரியாக் கேக்கல. இன்னொருக்க அடி."

அடித்தேன். அந்த நாலு ஸ்டாப்பிலும் அன்றைக்கு வண்டி நிற்கவில்லை.

இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் மைனியோடு வீட்டுக்கு வந்தார். மீன்குழம்புச் சோறு சாப்பிட்டு, கை கழுவி வந்து, ஆணியில் தொங்கும் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால் அட்டையைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை.