எதிர்வீட்டு மௌசியின் தமிழ்

அம்மா போன பிறகு செம்பூர் வீட்டை அண்ணனும் நானும் காலி செய்த அன்றுதான் எதிர்வீட்டு மௌசியோடு முதன்முதலாகப் பேசினேன். எல்லோருக்கும் அவர் மௌசி, அதாவது சித்தி. குட்டையான மராத்திப் பெண்மணி, கை நிறையப் பச்சை வளையல். பெல் அடிக்கும் வழக்கமெல்லாம் அவருக்கில்லை. நேராக அடுக்களைக்கு வந்து, அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏட்டி, காலையிலருந்து ஒண்ணும் திங்கலியா? மொகம் வாடிப் போயிருக்கே" என்றார்.

அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு, அதே இழுப்போடு.

"தமிழ் எங்க படிச்சீங்க மௌசி?"

"படிக்கவா? உங்கம்மாகூட தெனமும் பேசுவேம்லா!"

தினமும். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் அம்மாவோடு பேசியதே பாதி இந்தியில்தான். அந்த 'ஏட்டி'யை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பாத்திரம், பீரோ, நகை எல்லாவற்றையும் நாங்கள் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டிருந்தோம். அம்மாவுடையது இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பரணிலிருந்து அண்ணன் இந்தியில் கேட்டான்.

மௌசியைப் பார்த்துக்கொண்டே, ஒன்றுமில்லை என்று நானும் இந்தியிலேயே சொன்னேன்.