கைதிக் கிணற்றில் நடந்த வேடிக்கை

செஞ்சிக் கோட்டையில் நான் கைடாகச் சேர்ந்த முதல் நாள், சீனியர் கைடு ஒருவர் என்னைக் கைதிக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். பெரிய பாறை, அதன் தலையில் ஆழமான குழி, சுற்றிலும் குட்டைச் சுவர். மரண தண்டனை பெற்றவனை உள்ளே தள்ளி, சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிட்டார்கள் என்பது இங்குள்ள பேச்சு. "கதைய முடிக்கிற வரைக்கும் சுத்திப் பாக்க வர்ற பார்ட்டில யாரும் தண்ணி குடிக்கக் கூடாது. பாட்டில பைக்குள்ள வெக்கச் சொல்லு, அப்பதான் ஒறைக்கும்" என்றார். ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். எல்லோருக்கும் உறைத்ததா என்றால், எங்கே!

"யானைய வுட்டு மிதிச்சாங்களா? கழுவுல ஏத்துனாங்களா?" என்று வருகிறவர்கள் ஆசை ஆசையாகக் கேட்பார்கள். செத்தவன் மனுஷன்தானய்யா என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் முடியவில்லை.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பார்ட்டி. வழியில் கம்பெனி வேன் பஞ்சராகி லேட். நான் கதையை முடித்ததும் முதலாளி எழுந்து, "லேட் பண்ண டிரைவருக்கு மரண தண்டனை!" என்றார். ஒரே கைதட்டல். டிரைவரின் துண்டாலேயே அவன் கையைப் பின்னால் கட்டி, குழியின் சுவர்மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். ஒருத்தன் தண்ணீர் பாட்டிலை அவன் வாய்வரை நீட்டி நீட்டி இழுத்தான். இன்னொருத்தன் வீடியோ எடுத்தான். டிரைவரும் சிரித்தான். கண் மட்டும் குழியை விட்டு நகரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கைய அவுத்து வுடுங்க சார்!"

"ஜோக்குப்பா. ஒனக்கு இன்னா டென்ஷன்?" என்றார் முதலாளி.

"கால் வழுக்கி உள்ள வுழுந்தான்னா, ஒங்க ஜோக்கு வந்து தூக்குமா? சீ, வெக்கமா இல்ல?"

அவர் டிரைவரைப் பார்த்தார். "நீயே சொல்றா. நான் கட்டாயப்படுத்துனனா?"

"இல்ல சார், நானாதான் ஏறுனேன்" என்றான் அவன். பிறகு என் பக்கம் தாழ்ந்த குரலில், "வுட்ருங்கண்ணா. வேல பூடும். வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது."

நான் விடவில்லை. இடுப்பைப் பிடித்து இறக்கி, கட்டை அவிழ்த்தேன். முதலாளி கோட்டை ஆபீசில் என்மேல் புகார் கொடுத்துவிட்டுப் போனார். போகட்டும்.

இப்போது வரும் கைடுகளுக்கு ஒன்றே ஒன்று. சுவர்மேல் நிற்கிறவன் வேண்டாம் என்று சொல்லட்டும் எனக் காத்திருக்காதீர்கள். சம்பளம் கொடுக்கிறவன் எதிரே நிற்கும்போது அவன் சொல்லமாட்டான். முதலில் இறக்கிவிடுங்கள்.