உதட்டால் சொன்ன சம்மதம்

காலையில் வேலைக்குப் போனதும் இங்கே என் குரலைச் சோதித்துப் பார்க்க ஓர் இயந்திரம் காத்திருக்கிறது. போலந்து நாட்டில் வூச் என்கிற ஊருக்கு வெளியே, திண்டுக்கல் பேருந்து நிலையத்தைவிடப் பெரிய ஒரு கிடங்கில் எனக்கு வேலை. தலையில் ஹெட்செட் மாட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தட்டிலிருந்து எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு பெண் குரல் போலிஷில் சொல்லும். எடுத்ததும் தட்டின் எண்ணை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் அந்தக் குரல் "ப்ரோஷெ ஓ சிஷெ" என்கிறது. தயவுசெய்து அமைதி என்று அர்த்தம். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்போம். சுற்றிலும் இரைச்சல் எவ்வளவு என்று அது அளந்துகொண்ட பிறகுதான் பேச விடும். மைக்கைச் சோதிப்பது என்றால் இங்கே முதலில் சும்மா நிற்பது.

நான் பழகியது வேறு விதம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் ஏறி இறங்கிய வேலைகளில் ஒன்று, தாடிக்கொம்பில் ஒரு மைக் செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது. மாதா கோவில் சப்பரமோ காதுகுத்தோ, ஒயர் இழுத்து முடித்ததும் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, வாயைக் குவித்து ஊதி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்போம். தெருக்கோடியில் நிற்கிற ஆள் கையைத் தூக்கினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கிடங்கில் சேர்ந்த முதல் நாள் அதையேதான் செய்தேன். மேற்பார்வையாளர் மாரெக் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஒரு மெல்லிய துணியும் தூசி அடிக்கிற டப்பா ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். ஹெட்செட் அழுக்காக இருக்கிறதென்று நான் குறைப்படுவதாக நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு மொழி போதாது. துடைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

என் அக்கா செல்வராணியின் மகள் அமலி கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனையும் அவளுக்குப் பிடித்துப்போனது. பிடிக்காதது ஒன்றுதான்: தை மாதமே கல்யாணம் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதமாக நின்றார்கள். பரீட்சை சித்திரையில். தையில் தாலி கட்டிக்கொண்டு போகிறவள் திரும்பி வந்து பரீட்சை எழுதுவது நடக்கிற காரியமா என்று அவள் என்னிடம் போனில் கேட்டாள். அவள் அப்பா, என் மச்சான் அந்தோணி, பெண் வீட்டுக்காரன் நிபந்தனை போட்டால் சம்பந்தம் விட்டுப்போகும் என்று பயந்தார். அக்காவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று சபையில் ஒரு கேள்வி உண்டு. தாய்மாமனுக்குச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் தாய்மாமன் எதைச் சொன்னாலும் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "மாமா, நீங்க சொன்னாத்தான் எடுபடும். வேற ஆரு சொன்னாலும் சண்டையாயிரும்," என்றாள் அமலி. சொல்கிறேன் என்றேன்.

சொல்வதற்கு என்னிடம் ஒரு வாய் வேண்டுமே. என் போன் அப்போது கேட்கும், பேசாது. அட்டைப்பெட்டித் தூசி போய் அடியிலிருந்த மைக் ஓட்டையை அடைத்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஊசியை விட்டுக் குத்தினேன். அதன்பின் கிணற்றுக் குரலும் இல்லை. ஆகவே அறையில் என்னோடு தங்கியிருக்கிற நேபாளத்துக்காரன் பிஷ்ணுவிடம் அவன் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் பதினோரு மணி என்றால் இங்கே விடிந்தும் விடியாத நேரம். சட்டையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். திண்டுக்கல் மண்டபத்தில் மச்சான் தன் போனை டிவியோடு இணைத்து வைத்திருந்தார். அக்கா பட்டுச்சேலையில் முன்னால் இருந்தாள், அமலி அவள் பின்னால். அங்கே பேசுவதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன மாப்ள, பேசு என்றார் மச்சான். பேசினேன். காதைக் காட்டிக் கையை விரித்தார்.

லேப்டாப்பின் மேல்விளிம்பில் இருந்த சின்ன ஓட்டையைத் தட்டினேன். ஊதினேன். மைக் படத்தின் மேல் சிவப்புக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று தேடினேன், இருந்தது. அணைத்துவிட்டு மறுபடியும் சேர்ந்தேன்.

"மாப்ள, குக்கர் விசிலு கேக்குது. ஒன் பேச்சுத்தான் கேக்கல," என்றார் மச்சான்.

விசில் எனக்கும் லேசாகக் கேட்டது, ஆனால் குக்கர் என் அறையில் இல்லை. மண்டபத்துப் பின்கட்டில் சமையல் நடக்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். எழுதி அனுப்பலாம்தான். ஆனால் சபையில் தாய்மாமன் எழுதிக் கொடுத்தான் என்று இதுவரை கேள்விப்பட்டதில்லை. அதற்குள் பெரியவர் ஒருவர் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அமலி குனிந்துகொண்டாள்.

வேடசந்தூர் பக்கத்து நூற்பு மில் ஒன்றில் அக்கா பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டு அங்கே போனவள். நானும் அதே மில்லில் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தேன். மில் பஸ்ஸில் ஒன்றாகப் போய், ஸ்பின்னிங் மிஷின்களுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் நிற்போம். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. வாயை அகலத் திறந்து உதட்டால் மெதுவாகச் சொல்வார்கள், கூடவே கை பேசும். காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறான். உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினால் மிஷினை நிறுத்து. மாமியார் சண்டை, சோற்றுக்கு வெஞ்சனம் என்ன என்பது வரைக்கும் அக்கா இருபதடி தூரத்திலிருந்து படித்துவிடுவாள்.

நான் சத்தம் போடுவதை நிறுத்தினேன். கேமராவுக்குக் கிட்டே வந்து, உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினேன். அக்கா நிமிர்ந்தாள். உதட்டால் மட்டும், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்திலேயே தெரிந்தது. சம்மதம் என்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டிருந்தால் அங்கே ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. என்னாலும் மறுத்துச் சொல்ல முடியாது. மச்சான், என்னதான் சொல்றான் என்றார். அக்கா ஒருதரம் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"பிள்ள சித்திரையில பரீட்ச எழுதி முடிக்கட்டும். அதுக்கப்பறம் கல்யாணம் வைக்கிறதா இருந்தா சம்மதம்ங்கிறான்," என்றாள்.

பையனின் அப்பா துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "ஏனுங்க, இது தம்பி சொன்னதுங்களா, நீங்களாச் சொல்லிக்கிட்டதுங்களா?"

அவன் சொன்னதுதான், மில்லில் பழகியது என்றாள் அக்கா. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்படியானால் நான் ஒன்று கேட்கிறேன் என்று டிவி பக்கம் திரும்பி, "தம்பி, காலைல என்னங்க சாப்புட்டீங்க?" என்றார்.

உதட்டால் பதில் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இன்னும் ஒண்ணும் திங்கலையாம். ரொட்டிய வாட்டுறேன்னு கருக்கிப்புட்டானாம்."

ஜன்னலோரம் தட்டில் கிடந்த கருகிய ரொட்டியை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். மண்டபமே சிரித்தது. பையனின் அப்பாவும் சிரித்தார். மைக்கைச் சோதிக்கிற எத்தனையோ விதம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "செரிங்க. வைகாசில வெச்சுக்கலாமுங்க. பரீச்சய மட்டும் ஒழுங்கா எழுதச் சொல்லுங்க," என்றார். அமலி அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

எல்லாம் முடிந்தபின் லேப்டாப்பைச் சும்மா விட மனம் வரவில்லை. செட்டிங்கில் போய் ஒலிப் பகுதியைத் திறந்தேன். குரல் உள்ளே போனால் ஒரு பட்டை துள்ளும். நான் பேசினேன், துள்ளவில்லை. மேஜையைத் தட்டினேன், துள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் பிஷ்ணு கரண்டியைக் கீழே போட்டான். பட்டை துள்ளியது. அதற்கு மேலே எந்த மைக் என்று எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். பிஷ்ணுவின் ப்ளூடூத் ஹெட்செட். பெண்டாட்டியோடு பேசிவிட்டுச் சமையலறை ஃப்ரிட்ஜின் மேல் கழற்றி வைத்திருக்கிறான். அதை அணைக்கவும் இல்லை. முகம் இந்த அறையிலிருந்து போயிருக்கிறது, சத்தம் அந்த அறையிலிருந்து. அங்கே விசில் அடித்தது பிஷ்ணுவின் பருப்பு. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் பட்டை என் மூச்சுக்கே ஆடியது. இரண்டு கிளிக்கில் முடிகிற வேலை.

ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரோடு பேச உட்காருமுன் எந்த மைக் என்று பாருங்கள். ஊதவேண்டாம், ஊசியால் குத்தவும் வேண்டாம். கேட்கிற வழியும் பேசுகிற வழியும் கம்ப்யூட்டரில் தனித்தனி. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்குமென்று நம்பக்கூடாது.

மறுநாள் காலை வழக்கம்போல ஹெட்செட் மாட்டினேன். ப்ரோஷெ ஓ சிஷெ என்றது. நின்றேன். என்னை அறியாமல் உதடு அசைந்தது: அக்கா, சாப்டியா? எதிரே நின்ற மாரெக் தன்னிடம் ஏதோ சொல்வதாக நினைத்து, "ஸுஹாம்?" என்றார். இங்கே போனை எடுத்தாலும் அதைத்தான் சொல்வார்கள்: கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நான் அக்காவிடம் பேசியதை அமைதி என்று அளந்து எடுத்துக்கொண்டு, இயந்திரம் முதல் தட்டின் எண்ணைக் கேட்டது. போலிஷில் சொன்னேன். சரியாகக் கேட்டதென்று ஒரு மணி அடித்தது.