குதிகால் வலியோடு விக்கிரமங்கலத்துக்குச் சீர் கொண்டுபோனேன்

இந்த ஜில்லாவில் நான் போகாத ஊர் கிடையாது, பக்கத்து ஜில்லாவிலும் பாதி முடித்துவிட்டேன். அப்பேர்ப்பட்ட காலுக்கே சித்திரையில் வலி வந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் வலது குதிகாலில் ஆணி ஏறும். சுட்ட செங்கல்லில் எருக்க இலை போட்டு மிதிக்கச் சொன்னார்கள். ஊரார் ஒரு கல் மிதிப்பார்கள், நான் நாலு மிதித்தேன். கொப்புளம்தான் மிச்சம்.

ஆனிக் கடைசியில் சேதி வந்தது: ஆறு வாரத்தில் விக்கிரமங்கலத்தில் தங்கை செல்வியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான் பிள்ளையார் கோயிலிலிருந்து சீர்த்தட்டைத் தலையில் வைத்து நடந்து வரவேண்டும். செல்வி வீட்டுக்காரர் போனில், "என்ன மச்சான், சீர ஆட்டோவுல அனுப்பிடுவீங்களா?" என்று சிரித்தார். பின்னால் செல்வி விசும்புவது கேட்டது.

மறுநாள் காலை 7.40க்குக் குரும்பலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, 9.30க்கு அரியலூர். ஜன்னலோரம் உட்காராதீர்கள், சிமெண்ட் லாரிகள் இலவசமாகப் பவுடர் பூசிவிடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பிசியோதெரபி பார்க்கும் இடத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

அங்கே வைத்தியம் பார்க்கும் அம்மா குதிகாலை அழுத்தியதும் நான் போட்ட சத்தம் ஜெயங்கொண்டம் வரை கேட்டிருக்கும்.

"செங்கல்லத் தூக்கிப் போடுங்கய்யா. ஐஸ் பாட்டில் மேல கால உருட்டுங்க. சுவத்துல கை வச்சு, வலிக்கிற கால பின்னால நீட்டி, குதிகால் தரையில பட அரை நிமிஷம் தள்ளுங்க. மெத்துனு செருப்புப் போடாம நடக்கப்படாது."

"சரியாயிடுங்களா?"

"தெனம் செஞ்சா ஆறு வாரத்துல நடக்கலாம். வலி முழுசா விட மாசக்கணக்காவும்."

செய்தேன். என் வீட்டுச் சுவர் ஒரு விரற்கடை நகர்ந்தேவிட்டது.

விழா அன்று கோயிலிலிருந்து வீடு எண்ணூறு மீட்டர். செருப்போடுதான் நடந்தேன். வேட்டுப் போட ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் கால் இறுகிக்கொள்ளும். ஒரு கையால் தட்டைப் பிடித்து, மறு கையால் பக்கத்துச் சுவரைத் தள்ளினேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், "அது அவுங்க ஊரு மொறைப்பா" என்றார். அவ்வளவுதான், அடுத்த நிறுத்தத்தில் தட்டோடு வந்த என் பங்காளிகள் நாலு பேரும் வரிசையாக நின்று தள்ளினார்கள்.

"யோவ், நேத்துதான்யா பெயிண்ட் அடிச்சோம்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

வாசலில் செருப்பைக் கழற்றி அடி வைத்தேன். லேசாகக் கடித்தது, ஆனாலும் ஊன்றி நின்றுவிட்டேன். ஆரத்தித் தட்டோடு செல்வி, "நடந்தே வந்துட்டியாண்ணே" என்று சொல்லி ஆரத்தியை ஒரு சுற்று கூடவே சுற்றினாள். ஆட்டோ கேட்ட அவள் வீட்டுக்காரர் ஓடிவந்து தட்டை இறக்கினார்.

குதிகால் வலிக்காரர்கள் முதல் வாரமே போய்க் காட்டிவிடுங்கள், நான் இரண்டு மாசம் வீணாக்கினேன். விக்கிரமங்கலத்துக்குச் சீர் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: போன வாரம் அங்கே ஒரு தாய்மாமன் சுவரைத் தள்ளாமலே வந்துவிட்டாராம். முறை தெரியாதவர் என்று கோயிலுக்கே திருப்பி அனுப்பி, மறுபடி நடக்கவிட்டார்களாம்.