அட்டைக் கோட்டைக்குள் ஒரு கிணறு

புத்தியுள்ள எவனும் அந்த யுத்த காலத்தில் அப்படியொரு காகிதத் துண்டை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கமாட்டான். "உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. விடிந்ததும் வடக்கு வாசலில் ஏணி. நாற்பது பேர்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

யட்டவத்தையில் கடை வைத்திருக்கும் சமீம் நானாவிடம் கொடுக்க வேண்டிய, எங்கள் போர் விளையாட்டில் என் அடுத்த நகர்வு அது. மாத்தளையில் என் வீட்டு மேசைமேல் அட்டைக் கோட்டை. உள்ளே அவருடைய பிளாஸ்டிக் சிப்பாய்கள், வெளியே முற்றுகையிட்டபடி என்னுடையவர்கள்.

செக்பொயின்டில் துண்டு அகப்பட்டது. "விளையாட்டுங்க சேர்" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். மூன்று ராணுவத்தினர் துப்பாக்கியோடு என்னை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள்.

மேசையைப் பார்த்ததும் இருவர் சிரித்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவரான கோப்ரல் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்து, "கிணறு எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கிணறு வைத்தால் நான் எப்படி ஜெயிப்பது? தண்ணீர் தீர்ந்தால்தானே கோட்டை விழும்.

"வடக்கில் ஒரு முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். தகரத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத்தான் குடித்தோம்" என்றவர், ஜன்னலோரம் கிடந்த சோடா மூடியை எடுத்துக் கோட்டை நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நானா வந்து மூடியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கிணறு நானா."

"ஒங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? இனி நான்தானே ஜெயிப்பேன்."

ஜெயித்தார். அதன்பிறகும் ஏழு ஆட்டம் ஜெயித்துவிட்டார். அந்த மூடியை எடுக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.