பூ வைக்க வந்தவர்களும் ஒரு காலி ஆம்ப்யூலும்

போன வருடம் வைகாசி மாதம் நடந்தது இது. திருப்பூரில் பல்லடம் சாலைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அன்று சாயங்காலம் பொங்கலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்படிப்பட்ட நாளில் எவளாவது டியூட்டிக்குப் போவாளா என்று நீங்கள் கேட்கலாம். வார்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். காலை டியூட்டி மட்டும் பார்த்துவிட்டு மத்தியானம் ஓடி வந்துவிடலாம் என்று நானேதான் ஒப்புக்கொண்டேன். வீட்டில் அம்மா திட்டிய திட்டு தனிக் கதை.

அதற்கு முந்தின நாள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத் துண்டும் பனியனும் வாங்க அப்பாவோடு காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். கடை கடையாக ஏறி இறங்கியதில் பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி, ராத்திரி முழுக்க ஒரே தும்மல். கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கிவிட்டன. அம்மா ஒவ்வாமை மாத்திரையை எடுத்து நீட்டினாள். நான் வாங்கி டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். அந்த மாத்திரை போட்டால் எனக்கு மறுநாள் வரைக்கும் தூக்கம் சொக்கும். விடிந்ததும் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும், போய் ஊசி போட வேண்டும். தும்மினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இந்த மாதிரி விஷயங்களில் நான் ஒன்றும் பிறவியிலேயே ஒழுங்கானவள் இல்லை. எங்கள் நர்சிங் கண்காணிப்பாளர் மேடம் அப்படிப் பழக்கி வைத்திருந்தார். நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து நிற்போம். ஒருமுறை கல்யாண விருந்தில் குடித்துவிட்டு பைக்கில் டியூட்டிக்கு வந்த ஒரு ஆண் நர்ஸிடம் வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு விசாரணை, சஸ்பென்ஷன், திரும்பி வந்த பிறகும் பல நாள் கண்காணிப்பு. அவனுக்காகப் பரிந்து பேசப் போனவர்களிடம், "வண்டியைப் பிடிக்க முடியாத கைதானா நாளைக்கு நரம்பைப் பிடிக்கும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. டியூட்டியில் தலையில் பூ கூடாது. யாராவது மறந்து வைத்து வந்தால் மேடமே கழற்றி, வரவேற்பறையில் இருக்கும் பிள்ளையாருக்குச் சாத்திவிடுவார். எங்கள் புண்ணியத்தில் அந்தப் பிள்ளையார் மல்லிகையில் குளித்த நாட்கள் நிறைய.

அன்று மத்தியானம் நெருங்கும் நேரம். வார்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். பின்னலாடைக் கம்பெனியில் மெஷினுக்குள் கை சிக்கி விரல்கள் நசுங்கிவிட்டன. ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். வலியில் அவர் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர்களே அழுதார்கள். டாக்டர் மார்ஃபின் போடச் சொன்னார். மார்ஃபின் என்பது பூட்டின அலமாரியில் இருக்கும் மருந்து. இரண்டு நர்ஸ்கள் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஒருத்தி மருந்தை ஏற்ற, இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மருந்து தீர்ந்த கண்ணாடி ஆம்ப்யூலைக்கூடக் குப்பையில் போட முடியாது. காலி ஆம்ப்யூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். இல்லையென்றால் மருந்தை நர்ஸே எடுத்துக்கொண்டாள் என்று ஆகிவிடும்.

நான் ஊசி போட்டேன், என் தோழி சாட்சி நின்றாள். காலி ஆம்ப்யூலை டிரேயில் வைத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவர் குமட்டி வாந்தி எடுத்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் அவரைத் திருப்பிப் பிடித்து, துடைத்து, விரிப்பை மாற்றினோம். வலி அடங்கி அவர் கண்ணயர்ந்தார். டிரேயை எடுக்கத் திரும்பினால் சிரிஞ்ச் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, ஆம்ப்யூலைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். மாற்றின விரிப்பை உதறினோம். குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்தோம். வாந்தி எடுத்த பேசினைக்கூட விடவில்லை. எங்கும் இல்லை.

மேடம் வந்தார். நடந்ததைக் கேட்டார். கைப்பையைத் திறக்கச் சொன்னார். என் பையிலிருந்து சாயங்காலத்துக்கு வாங்கிய கண்ணாடி வளையலும் சாந்துப் பொட்டும் வந்தன. பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிவந்த கண், வீங்கிய இமை, ஒழுகும் மூக்கு. மருந்து காணாமல் போன இடத்தில் இப்படி ஒரு முகம் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"பஞ்சுத்தூசி மேடம்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

டாக்டர் டார்ச் அடித்து எங்கள் இருவரின் கண்மணியையும் பார்த்தார். மார்ஃபின் ஏறியிருந்தால் கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கிவிடும். எனக்கோ பயத்தில் அகல விரிந்திருந்தது. அதோடு விடவில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கொடுக்கச் சொன்னார்கள். பூ வைக்கிற நாளில் கையில் மூத்திரப் புட்டியோடு வரிசையில் நின்ற ஒரே கல்யாணப் பெண் நானாகத்தான் இருப்பேன். கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தன.

"மேடம், இத்தனை வருஷமா என்னைப் பார்க்கறீங்க. என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"நான் சந்தேகப்படல்ல மோளே. நீ இப்பம் கிளம்பிப் போனா மற்றவங்க படுவாங்க. ஆம்ப்யூல் கிடைக்காத வரைக்கும் நீயும் போகக்கூடாது, நானும் போகமாட்டேன்" என்றார். கிடைக்காவிட்டால் நிர்வாகத்துக்கு எழுத வேண்டும், விஷயம் நர்சிங் கவுன்சில் வரைக்கும் போகும். என் பதிவே போனாலும் போகும்.

அப்பாவுக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் பதறாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பின்னால் என் பெரியம்மாவின் குரல் கேட்டது. "அய்யோ, போதை மருந்து கேஸாமா? மாப்பளை ஊட்டுக்குத் தெரிஞ்சா என்னத்துக்கு ஆவறது?"

தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் செய்தி போவதற்கு வண்டி எல்லாம் தேவையில்லை. வீரபாண்டியிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டு வேன் பொங்கலூருக்குப் போகாமல் எங்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டுச்சேலை, வேட்டி, பழத்தட்டு, பூக்கூடையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பூ வைக்காமலே திரும்பிப் போகிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

மாப்பிள்ளையின் அம்மா நேரே வார்டு வாசலுக்கு வந்தார். குழந்தைகளுக்கான துணி தைக்கும் ஒரு பனியன் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்னமோ காணாமப் போச்சுன்னாங்க. என்னதுங்க அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடமே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். காலிக் கண்ணாடிக் குப்பிதான், ஆனால் அது கிடைக்காமல் இந்தப் பெண்ணை அனுப்ப முடியாது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதானுங்களே சரி! எங்க லைன்ல தைக்கற ஊசி உடைஞ்சா அத்தனை துண்டும் கெடைக்கோணுமுங்க. ஒரு துணுக்கு கொறைஞ்சாலும் லைனையே நிறுத்திப்போட்டுத் தேடுவோம். கெடைச்சதை நோட்டுல ஒட்டிக் காட்டுனாத்தான் புது ஊசி குடுப்பாங்க. பச்சக் கொழந்தை போடற துணியில ஊசி இருந்தா என்னங்க ஆவறது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு அம்மிணி அழுகற? தேடுனாக் கெடைக்குது. இல்லீன்னாலும் நீ எடுக்கலைன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

நான் அதுவரை அழவில்லை. அது பஞ்சுத்தூசி. ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மேடமும் அவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊசிக் கதையும் ஆம்ப்யூல் கதையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க கம்பெனியில ஒருத்தி ஊசித்துண்டை மறைச்சுப்போட்டாளுங்க" என்று இவர் சொல்ல, "எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தன் குடிச்சிட்டு வண்டியில வந்தான்" என்று அவர் சொல்ல, இருவருக்கும் பல வருடப் பழக்கம் போல ஆகிவிட்டது. இரண்டு கண்டிப்பான அம்மாக்கள் கிடைத்துவிட்டார்கள், இனி உன் பாடு திண்டாட்டம்தான் என்று தோழி என் காதில் சொன்னாள்.

நடுவில் மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, "அந்த ஜன்னல் தொறந்திருக்குதே, துணியை உதறும்போது வெளிய உழுந்திருக்குமோ?" என்றார். உடனே மகனைக் கூப்பிட்டுக் கீழே அனுப்பினார். நான் மாடியிலிருந்து பார்க்கிறேன். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செம்பருத்திச் செடிகளுக்குள் தவழாத குறையாகத் தேடுகிறார் என் மாப்பிள்ளை. முழங்கால் எல்லாம் மண். அதுவரை அவரோடு நான் போனில் பேசியதோடு சரி. அவரை எனக்கு நிஜமாகப் பிடித்துப்போனது அந்தச் செடிக்குள் பார்த்தபோதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கேட்டுக்குள் வந்து அவர் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். என் மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். அடுத்த நிமிடம் இருவரும் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அந்தப் பெண் வேறு யாரும் இல்லை, கை நசுங்கிய மெக்கானிக்கின் மனைவிதான். வெளியே இருக்கச் சொன்னோம், வாசலில்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் பையையும் குப்பையையுமே கிளறிக்கொண்டிருந்த எங்களுக்கு அவளைத் தேடத் தோன்றவில்லை.

"யக்கா, இந்த ரோட்டுல இருக்க அம்புட்டு மருந்துக் கடையிலயும் கேட்டுட்டேன். ஒருத்தனும் தர மாட்டேங்கான். களவாணியப் பாக்க மாதிரி பாக்கான்" என்று என்னிடமே முறையிட்டாள்.

தென்காசிப் பக்கம் ஊர். இதற்கு முன் எங்கோ பிரசவத்துக்குச் சேர்ந்தபோது காலிக் குப்பியைக் கையில் கொடுத்து, இதே மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்வார்களாம். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். புருஷனின் வலியை அடக்கிய மருந்து தீர்ந்துவிட்டதே, அவர்கள் கேட்பதற்கு முன்பே வாங்கி வந்துவிடலாம் என்று டிரேயிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஓடியிருக்கிறாள். எங்கள் இருவரின் முதுகும் அப்போது அவள் பக்கம் இருந்தது. மார்ஃபினைக் கடை கடையாகக் கேட்டவளைப் பார்த்து அந்தக் கடைக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

மேடம் ஆம்ப்யூலை வாங்கி, அதில் அச்சிட்ட எண்ணை அலமாரியில் இருந்த பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தியது. அந்தப் பெண்ணைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. இந்த மருந்தை வெளியே யாரும் வாங்க வேண்டாம், வலி வந்தால் நாங்களே போடுவோம் என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். திட்டெல்லாம் எங்கள் இருவருக்கும்தான். டிரேயை விட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எப்படித் திரும்பலாம் என்று நன்றாகவே வாங்கினோம். அது நியாயமும்கூட.

அதற்குள் அப்பாவும் அம்மாவும் பைக்கில் வந்து சேர்ந்திருந்தார்கள். இனி பொங்கலூர் போவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிடும். எல்லோரும் வரவேற்பறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மேடம் என்னைப் பார்த்தார்.

"அடுத்த டியூட்டிக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்தாச்சா?"

"ஆச்சுங்க மேடம்."

"அப்பம் டியூட்டி முடிஞ்சது. பூ வைக்கலாம்."

எந்தப் பிள்ளையாருக்கு எங்கள் பூவையெல்லாம் கழற்றிச் சாத்தினாரோ, அதே பிள்ளையார் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். வெள்ளை யூனிபார்ம், சிவந்த மூக்கு, கையில் அந்தக் கண்ணாடி வளையல். மாப்பிள்ளையின் அம்மா பூ வைக்க, கொண்டை ஊசி குத்தியது எங்கள் மேடம். மெக்கானிக்கின் மனைவிக்கும் ஒரு முழம் கிடைத்தது. வேட்டியில் மண்ணோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் தன் கண்முன்னால் நடக்கவில்லையே என்று வருத்தம்.

அன்று பிள்ளையார் முன்னால் எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், ஏன் அழுதிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பஞ்சுத்தூசி என்று சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. என் மாமியார்தான் எனக்குப் பதிலாகக் கதையை ஆரம்பித்துவிடுவார், ஊசி உடைந்த கதையில் தொடங்கி.

அன்று என்மேல் இரக்கப்பட்டு, "கல்யாணப் பொண்ணு, போகட்டும்" என்று யாராவது அனுப்பியிருந்தால், அந்தச் சந்தேகமும் என் பின்னாலேயே புகுந்த வீட்டுக்கு வந்திருக்கும். கிடைக்கிற வரைக்கும் போகக்கூடாது என்று என்னை நிறுத்தி வைத்தார்களே, அதைத்தான் என் கல்யாணத்துக்கு வந்த முதல் சீராக நான் இன்றும் நினைக்கிறேன்.